இருபத்தெட்டு நாள்

வேலூரில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
நான்கு மின்விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை,
மற்ற மூன்றும் ஏப்ரல் வெயிலை
இடம் மாற்றி இடம் மாற்றிப் போடுகின்றன.
கழுத்தில் ஈரத்துண்டோடு முனிரத்தினம் சார்
வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தபடி கூட்டல் சரிபார்க்கிறார்.

எந்த மாவட்டத்துத் தாள் என்று தெரியாது.
பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு மாற்று எண்.
ஆனாலும் தெரிந்துவிடும்
எந்தப் பள்ளியில் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போனார்கள் என்று.
முப்பது பிள்ளைகளும் ஒரே கமாவில் மூச்சு வாங்குவார்கள்.
ஏதோ கைடில் அச்சுப் பிழை போல,
முப்பது தாளிலும்
அண்டம் விடுபடவில்லை, 'விடைபெற்றது'.
சிரித்துக்கொண்டே அரை மதிப்பெண் குறைத்தேன்.

அடுத்த கட்டில் ஒரு தாள்.
மாதவிடாய்ச் சுழற்சி, நான்கு நிலைகள்,
பென்சில் அட்டவணை, நாள் கணக்கு எல்லாம் சரி.
அதற்குக் கீழே நீல மையில்:

'இந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தவில்லை.
நானே படித்தேன்.
புத்தகத்தில் இருபத்தெட்டு நாள் என்று இருக்கிறது.
எனக்கு நாற்பது நாள் ஆகிறது.
இது தவறா?'

ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு,
விடைக்குப் போடுவது போலவே.

"இன்னா மேடம், நின்னுட்டீங்க?"
சார் எட்டிப் பார்த்தார்.
"பேப்பர்ல சொந்த சமாச்சாரம் எழுதக் கூடாதே.
மேல சொல்றதுன்னா சொல்லலாம்."
கொஞ்ச நேரம் பிஞ்சைக் கடிக்கவில்லை.
"நானும் அதை நடத்தறதில்ல மேடம்" என்றார்,
ஜன்னலைப் பார்த்து.

என் சிவப்புப் பேனாவுக்கு எண் தெரியும்,
சரி தெரியும், தப்பு தெரியும்.
வாக்கியம் எழுத அதற்கு அனுமதி இல்லை.
ஏழுக்கு ஏழு போட்டேன்.
அவள் கேள்விக்குப் பக்கத்தில்
ஒரு சரி போட்டேன்.

பேருந்து பாலாற்றுப் பாலம் ஏறியபோதுதான் உறைத்தது.
'இது தவறா' என்றதற்குச் சரி போட்டால்
ஆமாம், தவறுதான் என்றல்லவா ஆகும்?
கீழே மணல், சீமைக்கருவேலம்,
கோடு கிழித்த மாதிரி தண்ணீர்.

என் குடியாத்தத்துப் பிள்ளைகளின் தாள்கள்
இந்நேரம் யார் மேசையிலோ.
லத்தேரி தாண்டும்வரை அதே யோசனை.
பதினொரு வருடமாக
செம்பருத்தியை பிளேடால் இரண்டாகக் கீறிச்
சூலகம் காட்ட இரண்டு பீரியட்.
மனிதருக்கு வந்ததும்
"படம் வரைஞ்சு பழகுங்க, மார்க் வரும்."
பாகம் குறித்த கையோடு அழித்தேன்,
ஹெச்.எம். ரவுண்ட்ஸ் வருவதற்குள்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் சிரசு.
கெங்கையம்மனின் தலை மட்டும்
தெருத்தெருவாக வந்தது, மாலைக்கு மேல் மாலை.
உடம்போடு பொருத்தும்வரை
ஊருக்கு இருப்புக்கொள்ளாது.
கூட்டத்தில் நசுங்கி நானும் நின்றேன்.
என் வகுப்பில்
தலை இன்னும் ஊர்வலத்திலேயே இருக்கிறது.

ஜூன். பத்தாம் வகுப்பு 'பி'.
அந்தப் பாடம் வரிசைப்படி வர மாதங்கள் ஆகும்.
பலகையில் எழுதினேன்:
'இருபத்தொன்று முதல் நாற்பத்தைந்து நாள் வரை.
உங்கள் வயதில் இது தவறில்லை.'
கடைசிச் சொல் கோணலாகக் கீழே இறங்கியது.
எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி
பாதியில் இருமலாக மாறியது.
இரண்டு பெண்கள் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணினார்கள்.

கடைசி பெஞ்சில் ஹேமச்சந்திரன் எழுந்தான்.
கேலிக்குத்தான் என்று
சாக்பீஸை எறியத் தயாராகப் பிடித்திருந்தேன்.

"நாப்பத்தஞ்சு தாண்டினா, மிஸ்?
எங்க அக்கா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போவுது.
யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருக்குது."

மணி அடித்துவிட்டது.
கணக்கு சார் வாசலில் வந்து நின்றார்,
பலகையைப் படித்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.
"பத்து நிமிஷம் சார்" என்றேன்.